மூன்று கார்டுக்குள் என்ன இருக்கிறது? ராக் அண்ட் ரோல் முன்னோடிகளும் அவர்களை விடாத ரசிகர்களும்

நீங்கள் கேட்டது இது: "சக் பெர்ரி, ஃபேட்ஸ் டோமினோ, லிட்டில் ரிச்சர்ட் என்று எழுபது ஆண்டுக்கு முந்தைய பாடகர்களை ராக் அண்ட் ரோல் ரசிகர்கள் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். எல்லாப் பாட்டும் மூன்று கார்டில் (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஒரே மாதிரி ஓடுகிறது. இது பழைய நினைப்பில் உருகுவதைத் தவிர வேறென்ன? எல்விஸ்தானே ராஜா, மற்றவர்கள் எதைத் தொடங்கினார்கள்?" யார் முதல் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது வேறொன்று என்று தோன்றுகிறது: அவர்கள் காதுக்கு எட்டுகிற ஏதோ ஒன்று என் காதுக்கு ஏன் எட்டவில்லை? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நான் கிட்டார் வாசிப்பவன், கற்றுக்கொடுப்பவன். பல ஆண்டுகளாக இந்தப் பாடல்களை மாணவர்களோடு உட்கார்ந்து அடி அடியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். கிட்டாரைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். பியானோவும் டிரம்ஸும் என் வாத்தியங்கள் அல்ல. அவற்றைப் பற்றிச் சொல்வது, வாசித்தவர்களே சொல்லி நான் காதால் சரிபார்த்துக்கொண்டது.

"யார் தொடங்கியது" என்பதை முதலில் முடித்துவிடலாம். தேதிகள் உறுதியானவை. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற தேவாலயப் பாடகி, கிட்டாரும் கையுமாக 1944-இல் பதிவுசெய்த "ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே" அடுத்த ஆண்டு பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் கறுப்பின இசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. ஃபேட்ஸ் டோமினோ நியூ ஆர்லியன்ஸில் "தி ஃபேட் மேன்" பாடியது 1949 டிசம்பரில். ஐக் டர்னரின் குழு, ஜாக்கி பிரென்ஸ்டன் பெயரில் வந்த "ராக்கெட் 88" பாட்டை மெம்பிஸில் பதிவுசெய்தது 1951 மார்ச்சில். அதே மெம்பிஸில், அந்தப் பாட்டைப் பதிவுசெய்த சாம் பிலிப்ஸின் அதே ஸ்டூடியோவில் எல்விஸ் பிரெஸ்லி தன் முதல் வணிக இசைத்தட்டுக்குப் பாடியது 1954 ஜூலையில். இந்த வரிசையில் சண்டை இல்லை. இவற்றில் எது "முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு" என்பதில்தான் சண்டை, அது தீரப்போவதும் இல்லை. தேவாலயக் கைத்தட்டு, பூகி-வூகி பியானோ, சாக்ஸபோன் முழங்கும் நடன ப்ளூஸ் (ப்ளூஸ் கறுப்பின மக்களின் பாட்டு வடிவம்), வெள்ளையர்களின் கன்ட்ரி இசை எல்லாம் பல ஊர்களில் ஒரே சமயத்தில் கலந்துகொண்டிருந்தபோது, ஒரு நாளைச் சுட்டிக்காட்டி இங்கேதான் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

"ராக்கெட் 88" பதிவிலேயே உறுதியும் ஐயமும் எப்படிக் கலந்து கிடக்கின்றன என்று பாருங்கள். கிட்டாரின் ஆம்ப்ளிஃபயர் வழியில் பழுதாகியிருந்தது, ஒலிபெருக்கிக் கூம்பில் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள், அதனால்தான் அந்தக் கரகரப்பு வந்தது என்பது வரை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். அது காரிலிருந்து விழுந்து பழுதானதா, மழையில் நனைந்து பழுதானதா என்று கேட்டால் அங்கே இருந்தவர்களே ஆளுக்கொரு கதை சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, பழுதான ஒலியைத் தூக்கிப் போடாமல் இதுவே நன்றாக இருக்கிறது என்று சாம் பிலிப்ஸ் முடிவுசெய்தார் என்பது. பின்னாளில் கிட்டார்காரர்கள் காசு கொடுத்து, ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டி வாங்கி வரவழைத்துக்கொண்ட ஒலி அது.

எல்விஸைப் பற்றிக் கேட்டீர்கள். 1954-இல் அவர் பாடிய "தட்ஸ் ஆல் ரைட்", ஆர்தர் க்ருடப் என்ற மிசிசிப்பி ப்ளூஸ் பாடகர் 1946-இல் பதிவுசெய்த பாட்டு. இதை எல்விஸ் ஒருபோதும் மறைக்கவில்லை. க்ருடப்பின் பெயரைப் பேட்டியிலேயே சொன்னார். தான் தொடங்கியதாக எல்லோரும் நினைக்கும் இசை தனக்கு வெகுகாலம் முன்பே இருந்தது என்றும், ஃபேட்ஸ் டோமினோவைப் போல் தன்னால் பாட முடியாது என்றும் 1957-இல் கறுப்பினப் பத்திரிகையான "ஜெட்"டிடம் சொன்னார். ஆகவே ராஜா பட்டத்தை வைத்து எல்விஸை ஏற்றுவதும் தேவையில்லை, திருடர் என்று தூற்றுவதும் தேவையில்லை. அவர் அபாரமான பாடகர்; அதற்கும் முன்பு, தீராத ஆசையோடு மற்றவர்களைக் கேட்ட ரசிகர். க்ருடப்போ தமக்கு உரிய ராயல்டி கைக்கு வராமலே 1974-இல் இறந்துபோனார். கோபப்பட வேண்டுமானால் அந்தக் கணக்கை எழுதியவர்கள் மீது கோபப்பட வேண்டும்.

இப்போது உங்கள் மூன்று கார்டுக்கு வருகிறேன். நீங்கள் சொன்னது தவறில்லை. பெரும்பாலான பாடல்கள் மூன்று கார்டுதான், பன்னிரண்டு பார் (நம் ஆவர்த்தனம் போன்ற தாளச் சுற்று) கொண்ட அதே சட்டகம்தான். ஆனால் வெண்பாவுக்கும் இலக்கணம் ஒன்றுதான். அதற்காக எல்லா வெண்பாவும் ஒரே பாட்டாகிவிடுவதில்லை. சட்டகம் எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் அதற்குள் ஒருவர் செய்யும் சின்ன மாற்றமும் பளிச்சென்று காதில் விழுகிறது. இந்த இசையில் கார்டைக் கேட்கக் கூடாது, அடியை, அதாவது தாளத்தின் தட்டை, கேட்க வேண்டும்.

சக் பெர்ரியின் "ஜானி பி. குட்" (1958) தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை பி-ஃப்ளாட்டில் வாசிக்கிறார். கிட்டார் கற்கும் பிள்ளைகளுக்குச் சங்கடமான சுருதி, ஏனென்றால் கைகொடுக்கத் திறந்த தந்திகள் அதிகம் கிடைக்காது. ஆள்காட்டி விரலை ஆறாவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) மேல்ஸ்தாயி இரண்டு தந்திகளின் மீதும் படுக்கவைத்து, இரண்டு ஸ்வரத்தையும் சேர்த்து அடிக்கிறார். ஒற்றைத் தந்தி வாசிப்பைவிட இது கனமாக, கிட்டத்தட்ட இரண்டு ட்ரம்பெட் சேர்ந்து ஊதுவதுபோல் வருகிறது. அதைவிட நுட்பமானது பின்னால் நடக்கிறது. டிரம்ஸ் வாசிக்கும் ஃப்ரெட் பிலோ பழைய ஜாஸ் பாணியில், ஒவ்வோர் அடியிலும் முதல் பாதியை நீட்டி இரண்டாம் பாதியைக் குறுக்கி ஆடவிடுகிறார். பெர்ரியின் கிட்டாரோ அடியைச் சரிபாதியாக வெட்டி நேராக ஓடுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று இழுபடுகின்றன. அந்த இழுபறிதான் பாட்டின் உயிர். என்னிடம் வரும் மாணவர்கள் ஸ்வரங்களைச் சீக்கிரமே பிடித்துவிடுகிறார்கள். இந்த இழுபறி பிடிபடும்வரை அவர்கள் வாசிப்பது ஸ்வரங்களாக மட்டும் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வாசித்த பிறகும் எனக்கு அது அலுக்கவில்லை.

அந்தத் தொடக்கம் பெர்ரி வானத்திலிருந்து பறித்தது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடன ப்ளூஸ் பாடகர் லூயிஸ் ஜோர்டனின் குழுவில் கிட்டார் வாசித்த கார்ல் ஹோகன் 1946-இல் ஒரு பாட்டைத் தொடங்கிய விதத்தைக் கேட்டால் திடுக்கிடுவீர்கள்; ஏறத்தாழ அதேதான். ஜோர்டனின் குழுவிலிருந்து எடுத்துக்கொண்டதைப் பெர்ரியும் ஒளித்துவைக்கவில்லை. ஹோகனிடம் அது ஆடி வருகிறது, பெர்ரியிடம் நிமிர்ந்து பாய்கிறது. அதோடு, பையன்களின் காரும் பள்ளிக்கூட மணியும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸும் வரும் கதையை, ஒரு சொல்லும் விழுங்காமல், வேகமாகப் போகும்போதும் தெளிவாகச் சொன்னார். அந்த இரண்டும் சேர்ந்துதான் சக் பெர்ரி. 1977-இல் விண்ணுக்குப் போன வாயேஜர் கலங்களின் தங்கத்தட்டில் பாக், பீத்தோவனோடு இந்தப் பாட்டும் ஏறியது.

டோமினோவின் "தி ஃபேட் மேன்" பதிவு இன்று மங்கலாகத்தான் கேட்கும். கோசிமோ மடாசா ராம்பார்ட் தெருவில் தன் கடையின் பின்பக்கம் வைத்திருந்த சிறிய அறை. எல்லோரும் ஒன்றாக நின்று ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். அந்த மங்கலுக்குள் டிரம்ஸை மட்டும் தேடிப் பிடியுங்கள். ஏர்ல் பாமர் இரண்டாவது, நான்காவது அடிகளைப் பாட்டு முழுக்க விடாமல் தட்டுகிறார். நியூ ஆர்லியன்ஸ் ஜாஸில் கடைசிச் சுற்றில் எல்லோரும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும்போது மட்டும் வரும் தட்டு அது என்றும், அதையே தொடக்கத்திலிருந்து கடைசிவரை வைத்துக்கொண்டதாகவும் பாமர் பின்னாளில் விளக்கியிருக்கிறார். அதாவது பாட்டின் முதல் நொடியே கச்சேரியின் உச்சம். அதற்கு மேல் டோமினோ வாயாலேயே ட்ரம்பெட் ஓசை எழுப்புகிறார். "ப்ளூபெர்ரி ஹில்" பாட்டில் அவர் பியானோ அடிக்கு மும்மூன்றாக, நாம் திஸ்ரம் என்று சொல்லும் கணக்கில், ஆரவாரம் இல்லாமல் உருண்டு போகிறது. லிட்டில் ரிச்சர்டும் 1955 செப்டம்பரில் "டுட்டி ஃப்ரூட்டி"யை மடாசாவின் அதே ஸ்டூடியோவில், அதே ஏர்ல் பாமரின் டிரம்ஸோடுதான் பாடினார். பாடகர்களின் பெயர்களை மட்டும் முன்னோடிப் பட்டியலில் போடுவது நியாயமில்லை என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

இந்தப் பாட்டை முதலில் கேட்டவர்கள் எந்த நிலையில் கேட்டார்கள் என்பது தெரிந்தால் அந்த உருக்கம் இன்னும் புரியும். தென் மாநிலங்களில் அரங்கின் நடுவே கயிறு கட்டி ஒரு பக்கம் கறுப்பினத்தவர், மறுபக்கம் வெள்ளையர் என்று நிறுத்துவார்கள். ஆட்டம் சூடுபிடித்ததும் பிள்ளைகள் கயிற்றைத் தாண்டி ஒன்றாக ஆடிவிடுவார்கள். போலீஸ் வந்து நிறுத்தும். இசை இனப்பாகுபாட்டை ஒழித்தது என்று சில ரசிகர்கள் எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். அதை ஒழிக்கப் போராடியவர்கள் அடி வாங்கினார்கள், சிறை போனார்கள், உயிரையும் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கயிறு எவ்வளவு பொய்யானது என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளைகள் தங்கள் கால்களால் தெரிந்துகொண்டார்கள். அதில் எனக்கு ஐயமில்லை.

கயிறு வானொலியிலும் இருந்தது. டோமினோவின் "எய்ன்ட் தட் எ ஷேம்" 1955-இல் வந்தபோது பேட் பூன் என்ற வெள்ளையர் அதையே பாடி, பொதுப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனார். டோமினோ பத்தாம் இடத்தில் நின்றார். "டுட்டி ஃப்ரூட்டி"யிலும் பூன் 12, லிட்டில் ரிச்சர்ட் 17. இன்று இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். யாரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு நான் வாதாட வேண்டியதில்லை. டோமினோவுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது: டேவ் பார்த்தலோமியூவோடு சேர்ந்து பாட்டை எழுதியவர் அவரே, ஆகவே பூன் விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் எழுத்தாளர் பங்கு உண்டு. எல்லோருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. பெர்ரியின் முதல் பாட்டான "மேபலீன்" தட்டில், அதை எழுதுவதில் எந்தப் பங்கும் இல்லாத இருவரின் பெயர்கள் ஆசிரியர்களாக அச்சாயின. ஒருவர் ஆலன் ஃப்ரீட், வானொலியில் அந்தப் பாட்டை ஓட்டிப் பிரபலமாக்கியவர். அந்தப் பெயர்கள் நீங்க 1986 வரை ஆயிற்று.

பழைய நினைப்பு என்றீர்களே, அதற்கு வருகிறேன். நினைப்பதற்கு முதலில் அங்கே இருந்திருக்க வேண்டும். இந்த இசையைக் காப்பாற்றியவர்களில் பலர் அங்கே இல்லவே இல்லை. 1961 அக்டோபரில் இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் மிக் ஜாகரின் கையில் இருந்த சக் பெர்ரி, ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் ஆகியோரின் இசைத்தட்டுகளைப் பார்த்துத்தான் கீத் ரிச்சர்ட்ஸ் பேச்சுக் கொடுத்தார். 1963-இல் அவர்களுடைய ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் முதல் தட்டு பெர்ரியின் பாட்டு. அந்த நேரத்தில் பெர்ரி அமெரிக்கச் சிறையில் இருந்தார். லிவர்பூலில் பிற்கால பீட்டில்ஸ் பையன்கள் 1958-இல் தங்கள் சொந்தக் காசில் பதிவுசெய்த முதல் பாட்டு அமெரிக்க ராக் பாடகர் பட்டி ஹாலியினுடையது. அமெரிக்கா போய்வந்த கப்பல் ஊழியர்கள் கொண்டுவந்த தட்டுகளால்தான் லிவர்பூல் இசை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அந்த ஊர்க்காரர்களிலேயே பலர் மறுக்கிறார்கள், கடைகளிலேயே தட்டுகள் கிடைத்தன என்கிறார்கள். எப்படி வந்ததோ, வந்த தட்டை ஊசி தேயும்வரை ஓட்டி ஓட்டிக் கற்றார்கள் என்பது மட்டும் உறுதி. அவர்கள் சொந்தமாக எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகு.

இந்த ரசிகர்களின் அன்பு பாராட்டுரையோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். அது வேலையாக மாறியது. சக் பெர்ரியின் பாடல்களில் உருண்டோடும் பியானோ பெரும்பாலும் ஜானி ஜான்சனுடையது. உண்மையில் 1952 கடைசி நாளில், குழுவில் ஒருவர் வராமல் போனதால் பெர்ரியைத் தன் குழுவுக்கு அழைத்தவர் ஜான்சன்தான். 1980-களில் அவர் செயிண்ட் லூயிஸில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பெர்ரியின் அறுபதாவது பிறந்தநாள் கச்சேரியை 1986-இல் கீத் ரிச்சர்ட்ஸ் ஏற்பாடு செய்தபோது ஜான்சனைத் தேடி மேடைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் ஜான்சன் தம் பெயரில் இசைத்தட்டுகள் வெளியிட்டார், உலகம் சுற்றினார். 2001-இல் இந்த இசையின் கௌரவ மண்டபமான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் பக்கவாத்தியக்காரர் வரிசையில் அவரைச் சேர்த்தது.

அந்தப் பாடல்களில் ஜான்சனுக்கும் ஆசிரியர் பங்கு உண்டா? ரிச்சர்ட்ஸ் உண்டு என்றார். பி-ஃப்ளாட், ஈ-ஃப்ளாட் போன்றவை பியானோவுக்கு வசதியான சுருதிகள், கிட்டார்காரர் தாமாகத் தேர்ந்தெடுப்பவை அல்ல என்பது அவர் வாதம். கிட்டார்காரனாக எனக்கும் அந்தச் சான்று வலுவாகவே தெரிகிறது. ஆனால் சாக்ஸபோன், ட்ரம்பெட் வைத்த குழுக்களும் அந்தச் சுருதிகளில்தான் வாசித்தன. பெர்ரி அவர்களைக் கேட்டு வளர்ந்தவர். ஜான்சன் 2000-இல் வழக்குப் போட்டார். மிகவும் காலம் கடந்துவிட்டது என்று 2002-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. யார் இயற்றியது என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. பாட்டின் சொற்கள் பெர்ரியினுடையவை, அதில் தகராறு இல்லை. இசையில் எவ்வளவு யாருடையது என்பதற்கு இனி சாட்சி சொல்ல இருவரும் இல்லை.

ரொசெட்டா தார்ப்பின் கதை இன்னும் நெருடும். 1947-இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனை மேடையேற்றிப் பாடவைத்து, கையில் பணமும் கொடுத்து அனுப்பினார். அந்தப் பையன் லிட்டில் ரிச்சர்ட். 1964 மே மாதம் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில் தொலைக்காட்சிக்காக ஒரு நிகழ்ச்சி எடுத்தார்கள். ஒரு பிளாட்பாரத்தில் ரசிகர்கள், எதிர் பிளாட்பாரத்தில் கலைஞர்கள். மழை பிடித்துக்கொண்டது. ஐம்பதை நெருங்கிய தார்ப் மேல்கோட்டோடு வெள்ளைக் கிட்டாரை மாட்டிக்கொண்டு, மழையைப் பற்றிய பாட்டையே எடுத்தார். அந்தக் காட்சி இணையத்தில் கிடைக்கிறது. கிட்டார் தனியாக ஒலிக்கும் இடத்தில் அவர் கை போகும் விதத்தைப் பாருங்கள். பின்னால் வந்த எத்தனை பேருடைய கை அதில் தெரிகிறது! 1973-இல் ஃபிலடெல்ஃபியாவில் இறந்தார். அடக்கம் செய்த இடத்தில் கல்லில்லை. 1998-இல் அமெரிக்கத் தபால்துறை அவர் முகத்தைத் தபால்தலையில் அச்சிட்டது, அப்போதும் கல்லில்லை. 2007-இல் அவர் வாழ்க்கை வரலாறு வெளிவந்து, படித்தவர்கள் மனம் பொறுக்காமல் 2008-இல் ஒரு நிதிக் கச்சேரி நடத்தி, அந்தப் பணத்தில் கல் வைத்தார்கள். ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்தது 2018-இல், அதாவது எல்விஸையும் பெர்ரியையும் சேர்த்து 32 ஆண்டுகள் கழித்து. ரசிகர்கள் நிறுவனங்களைவிட முந்திக்கொண்டார்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுவது பாடகி ரூத் பிரவுனின் வழக்கு. 1950-களின் தொடக்கத்தில் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர். பட்டியலில் அத்தனை முறை முதலிடம் பிடித்தும், 1960-களில் வீட்டுவேலை செய்தும் பஸ் ஓட்டியும் பிள்ளைகளை வளர்த்தார். காரணம் அன்றைய ஒப்பந்தக் கணக்கு: பதிவுச் செலவு, இசைக்குழுச் சம்பளம் எல்லாம் பாடகரின் கடனாக எழுதப்படும், அந்தக் கடன் தீர்ந்த பிறகுதான் ராயல்டி, கடன் ஒருபோதும் தீராது. 1980-களில் ஹவல் பெகிள் என்ற வாஷிங்டன் வழக்கறிஞர், சிறுவயதிலிருந்து அவருடைய ரசிகர், பெரும் விலை கொடுத்து வாங்கிய பழைய தட்டுகளைக் கையெழுத்துக்காக நீட்டினார். இதில் எனக்கு ஒரு காசும் வருவதில்லை என்றார் ரூத் பிரவுன். பெகிள் கட்டணம் வாங்காமல் பல ஆண்டுகள் அந்தக் கணக்கைக் கிண்டினார். நிறுவனம் 1988-இல் தன் நாற்பதாம் ஆண்டு விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த வேளையில் இறங்கிவந்தது: ரூத் பிரவுனோடு மற்றப் பழைய கலைஞர்கள் பலருடைய கடனையும் தள்ளுபடி செய்து ராயல்டி கொடுக்கத் தொடங்கியது, முதிய கலைஞர்களுக்கு உதவும் ரிதம் அண்ட் ப்ளூஸ் அறக்கட்டளைக்கும் நிதி கொடுத்தது. ரசிகன் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது.

டோமினோவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. புகழ் வந்த பிறகும் அவர் நியூ ஆர்லியன்ஸில் தாம் பிறந்து வளர்ந்த ஏழைப் பகுதியை விட்டுப் போகவில்லை. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலில் அந்தப் பகுதி முழுகியது. அவர் இறந்துவிட்டார் என்று செய்தி பரவி, யாரோ அவர் வீட்டின் மேல் அஞ்சலி வாசகத்தையே பெயின்ட்டால் எழுதிவிட்டுப் போனார்கள். சில நாள் கழித்து, மீட்கப்பட்டவர்களின் புகைப்படம் ஒன்றில் அவர் இருப்பதை மகள் அடையாளம் கண்டார். வெள்ளத்தில் போன அவருடைய வெள்ளைப் பியானோவை நன்கொடை திரட்டிச் சீர்செய்து, அந்த ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கொடுத்தவர்களில் பால் மெக்கார்ட்னியும் ஒருவர். பீட்டில்ஸ் குழுவுக்காக 1968-இல் டோமினோவின் பியானோ நடையில் "லேடி மடோனா" எழுதியவர் அவர். அதே ஆண்டு டோமினோவே அந்தப் பாட்டைப் பாடிப் பதிவுசெய்தார்.

ரசிகர்களிடம் எனக்குள்ள குறையையும் சொல்ல வேண்டும். கொண்டாட்டம் என்றால் கறையைத் துடைப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். சக் பெர்ரி சிறை சென்றது பதினான்கு வயதுச் சிறுமியை மாநில எல்லை தாண்டி அழைத்துவந்த வழக்கில். முதல் விசாரணையில் நீதிபதி இனவெறியோடு பேசியதால் மேல்முறையீட்டில் மறுவிசாரணை நடந்தது. இரண்டாவது விசாரணையிலும் குற்றவாளி என்றே முடிவானது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. இன்னொரு ராக் அண்ட் ரோல் முன்னோடியான ஜெர்ரி லீ லூயிஸ் தன் பதின்மூன்று வயது உறவுக்காரப் பெண்ணை மணந்திருந்தது 1958-இல் இங்கிலாந்துப் பயணத்தில் வெளிப்பட்டது. அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று அதை மழுப்ப முடியாது. அந்தக் காலத்து மக்களே கொதித்தெழுந்து பயணத்தை ரத்துசெய்ய வைத்தார்கள். மறுபக்கம், எல்விஸ் கறுப்பினத்தவரை இழிவாகப் பேசினார் என்ற வதந்தியை 1957-இல் "ஜெட்" நேரில் விசாரித்து ஆதாரமில்லை என்று எழுதிய பிறகும் அது இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது. வாசிப்பின் மேன்மை ஒருவரின் குற்றத்தைக் குறைக்காது. குற்றத்தால் அந்தத் தொடக்க ஸ்வரங்கள் அழிந்துவிடவும் இல்லை. நான் என் மாணவர்களிடம் இரண்டையும் சொல்லியே அந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

இனி உங்களுக்கு என் யோசனை. நல்ல ஹெட்ஃபோனில், ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. முதலில் "தி ஃபேட் மேன்", டிரம்ஸை மட்டும் கேளுங்கள். அடுத்து "டுட்டி ஃப்ரூட்டி". அதே டிரம்ஸ்காரர் ஆறே ஆண்டில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்பது தெரியும். பிறகு ஹோகனின் கிட்டார் வரும் லூயிஸ் ஜோர்டன் பாட்டு, உடனே "ஜானி பி. குட்". பிறகு போ டிட்லி தன் பெயரிலேயே 1955-இல் வெளியிட்ட பாட்டு. உங்கள் மூன்று கார்டுப் புகாருக்கு அதில் வேலையே இல்லை, ஏறத்தாழ ஒரே கார்டில் தாளமே முழுப் பாட்டையும் சுமக்கிறது. கடைசியாக மான்செஸ்டர் மழை. அதற்குப் பிறகும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், உங்கள் காது உங்களுடையது.

பிடித்துப்போய் வாங்க நினைத்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவில் 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளின் காப்புரிமை முடிந்துவிட்டது. அங்கே யார் வேண்டுமானாலும் பழைய தட்டிலிருந்து நகலெடுத்து மலிவாக விற்கலாம், பதிவின் பேரில் பாடகரின் குடும்பத்துக்கு எதுவும் போகாது. அவற்றில் பல மோசமான நகல்கள். அதே ஐரோப்பாவில்தான் ஜெர்மனியின் பேர் ஃபேமிலி போன்ற நிறுவனங்கள், மூல நாடாக்களைத் தேடிப் பிடித்து, எந்த நாளில் யார் எந்த வாத்தியம் வாசித்தார்கள் என்று தடிமனான புத்தகத்தோடு தொகுப்புகள் போடுகின்றன. அந்த விவரங்களை ஆண்டுக்கணக்கில் திரட்டியவர்களில் பெரும்பாலோர் சம்பளம் இல்லாத ரசிகர்கள். ஆகவே பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பதிவுத் தேதியும் வாசித்தவர்களின் பெயர்களும் அச்சிட்டிருந்தால் வாங்குங்கள். பாடகரின் படம் மட்டும் இருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள்.